எரிவாயு வெளியீடு, இன்று மாலை

ஓடுகிற ஆட்டோவிலிருந்து வரும் அறிவிப்பை எந்த மனுஷப் பிறவியும் முழுசாகக் கேட்டது கிடையாது. ஒரு வீட்டுக்கு முன்பாதி போகும், அடுத்த வீட்டுக்குப் பின்பாதி போகும், நடுவில் நாய் குரைத்தால் அதுவும் போச்சு. இந்தத் தொழில் ரகசியத்தை மைக் அக்கா கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். காணாமல் போன ஆடு, தண்ணீர் வராத நாள், துணிக்கடைத் தள்ளுபடி, இறப்புச் செய்தி எல்லாமே அவள் குரலில்தான் ஊருக்குள் போகும். புருஷன் ஆட்டோவை ஓட்ட, இவள் பின்னால் உட்கார்ந்து பேசுவாள். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் முதல் வேலையாகப் பேனாவை எடுத்துப் பாதியை அடித்துவிடுவாள்.

அன்று காலை கண்காணிப்புக் குழுவின் எழுத்தர் கொடுத்த தாளைப் பார்த்ததும் அவளுக்குக் கிறுகிறுத்தது. 'எரிவாயு நிறுவனத்தின் கிணறுகள், குழாய்கள், விபத்துகள் மற்றும் அரசுக்குச் செலுத்திய உரிமைத்தொகைகள் தொடர்பான வெளிப்படைத்தன்மை அறிக்கையின் முதலாவது பொது வெளியீடும் அதனையொட்டிய மக்கள் கருத்துக் கேட்பும்' என்று தொடங்கிய வாக்கியம் தாளின் அடிவரை இறங்கிப் பின்பக்கமும் போனது.

"இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆட்டோ அடுத்த ஊருக்கே போயிடும்யா."

"வார்த்தை எதுவும் மாறக் கூடாதுக்கா. சட்டப்படி எழுதினது" என்றார் எழுத்தர்.

"நான் எங்க மாத்தறேன்? குறைக்கறேன்."

குறைத்தாள். 'எரிவாயு நிறுவனம்! வெளியீடு! இன்று மாலை! சமுதாயக் கூடம்! குடும்பத்தோடு வாருங்கள்!' சொல்லிப் பார்த்தபோது அவளுக்கே அழகாக இருந்தது. 'அறிக்கை' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் அடித்தாள். அறிக்கை என்று காதில் விழுந்தால் ஜனங்கள் புரண்டு படுத்துக்கொள்வார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தாக வேண்டும் என்ற வெறி அவளுக்கு.

வெறிக்குக் காரணம் இருந்தது. அவள் அண்ணன் அந்த எரிவாயு ஆலையில் வேலை பார்த்தவன். போன வருஷம் ஒரு மத்தியானம் ஊரெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது, பள்ளத் தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் நடந்த இடத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். ஆலைச் சங்கு ஊதவே இல்லை. அதற்குப் பதில் கம்பெனி அதிகாரி தன்னுடைய ஒலிபெருக்கியில் வந்து, "பயப்பட வேண்டாம், சின்னக் கசிவுதான், வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னதை நம்பி வீட்டுக்குள் இருந்தவர்கள்தான் அதிகம் பட்டார்கள், சிலருக்குக் கண்ணே போயிற்று. மேட்டுக்கு ஓடினவர்கள் தப்பித்தார்கள். சாயங்காலம் அண்ணனைக் கம்பெனி வண்டியில் கொண்டுவந்து இறக்கி, மாரடைப்பு என்றார்கள். அன்றிலிருந்து அந்த அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் 'பயப்படவேண்டாம்'. அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு என்னதான் நடந்தது? யாரும் சொல்லவில்லை. மனு மேல் மனு போட்டு, நடையாய் நடந்து, கடைசியில் அரசாங்கம் ஒரு கண்காணிப்புக் குழுவை வைத்தது. கம்பெனி எல்லாவற்றையும் ஜனங்கள் முன்னால் வாசிக்க வேண்டும், கேட்கிற கேள்விகளைக் குழு பதிவு செய்யும், பதிவான கேள்விக்குக் கம்பெனி பதில் சொல்லியே தீர வேண்டும் என்று விதி. ஆனால் அதற்கு ஒரு வாலும் இருந்தது. கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால், 'மக்கள் தரப்பில் கேள்வி இல்லை' என்று எழுதி, நாற்றம் அடித்த அந்த நாளின் கோப்பை ஒரேயடியாக மூடிவிடுவார்கள்.

பள்ளத் தெருவில் இருக்கிற அவளுடைய அண்ணி, அண்ணன் பெண்டாட்டி, இந்தக் கூட்டத்துக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் மின்விசிறிகள் சுற்றின, நாற்காலிகள் வரிசையாக நின்றன, ஆள்தான் இல்லை. மைக் அக்கா மேடையில் ஒயரைச் சொருகுவதும் பிடுங்குவதுமாக இருந்தாள். வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வந்தாள். மறுபடியும் போனாள். ஒரு கைக்குழந்தைகூட வரவில்லை. குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, பேச்சுக் குறைவான மனிதர். மேசையில் கையைக் கட்டிக்கொண்டு காலி நாற்காலிகளைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் பயப்படவேண்டாம். சலவைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு.

"மக்களுக்கு இதுல ஆர்வம் இல்லை போல சார். நல்லாத்தானே போயிட்டிருக்கு எல்லாம். முடிச்சுக்கலாமே?"

மைக் அக்காவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் இரைக்க இரைக்க உள்ளே ஓடி வந்தான். அவள் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"பள்ளத் தெருவுல ஈ காக்கா இல்லடி. எல்லா வீடும் பூட்டிக் கெடக்கு. ஆடு மாட்டையெல்லாம் அவுத்து விட்டுட்டுப் போயிட்டாங்க."

"எங்க போனாங்க?"

"தண்ணித் தொட்டி மேட்டுக்கு. வழியில ஓடினவன் ஒருத்தனைப் புடிச்சுக் கேட்டேன். இன்னிக்கு சாயங்காலம் எரிவாயு வெளியீடுன்னு மைக்ல சொன்னாங்களாம். குடும்பத்தோட எங்கேயாவது போயிடச் சொன்னாங்களாம்."

"எந்தப் பாவி சொன்னது?"

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

அவள் தன் அறிவிப்பை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'நிறுவனம்' காற்றோடு போயிருக்கிறது. 'வாருங்கள்' திருப்பத்தில் போயிருக்கிறது. 'எரிவாயு... வெளியீடு... இன்று மாலை... குடும்பத்தோடு' மட்டும் வீடு வீடாகத் தங்கியிருக்கிறது. ஐயோ, அறிக்கையை அடித்தேனே, என் கை விளங்குமா! "இந்தத் தடவையாச்சும் முன்கூட்டியே சொன்னானுங்களே, மகராசனுங்க" என்று கம்பெனியை வாழ்த்திவிட்டு வேறு போனார்களாம் ஜனங்கள்.

எழுத்தரிடம் ஓடினாள். "ஐயா, சனங்க வரலேன்னா என்ன, நான் இருக்கேன்ல? நான் கேக்கறேன் கேள்வி."

"நீங்க குழுவுக்கு வேலை செய்யறவங்கக்கா. பொதுமக்கள்ல சேர்த்தி இல்ல."

"நான் பொதுமக்கள் இல்லையா? அப்ப நான் என்ன, தனிமக்களா?"

எழுத்தர் தாள்களை அடுக்கினார். அவள் நேராக நீதிபதி முன்னால் போய் நின்று, வெட்கத்தைப் பார்க்காமல் நடந்ததை அப்படியே கொட்டினாள். பயப்படவேண்டாம் முதலில் விழித்தார், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நீதிபதி சிரிக்கவில்லை.

"கூட்டிட்டு வர முடியுமா உங்களால?"

"இதோ போறேன் ஐயா."

"தேநீர் வருது. அது வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல விதி இடம் கொடுக்காது."

ஆட்டோ மேட்டுப் பாதையில் முக்கி முனகி ஏறியது. "இறங்கித் தள்ளட்டுமா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். "வாயை மூடிட்டு உக்காரு, இன்னிக்கு நீ பேசினது போதும்" என்றான் புருஷன். அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவளும் திருப்பிக் கொடுக்காமல் விடுகிற ஆள் இல்லை. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஊரே இருந்தது. பாயும் தலையணையும் சிலர், பெட்டியோடு சிலர், கோழியைக் கூடையில் போட்டு மூடியபடி ஒருத்தி. எல்லோர் மூக்கிலும் ஈரத்துணி. எல்லோர் கண்ணும் கீழே ஆலையில் மிச்ச வாயுவை எரிக்கிற தீக்கம்பத்தின் மேல். எரிந்துகொண்டிருந்த சுவாலை காற்றில் கொஞ்சம் சாய்ந்தால் இங்கே கூட்டம் முழுக்க ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

மைக் அக்கா ஆட்டோவிலிருந்தபடியே மைக்கைப் பிடித்தாள். பதற்றத்தில் வாய்க்கு முதலில் வந்தது இதுதான்: "பயப்பட வேண்டாம்! யாரும் பயப்பட வேண்டாம்!"

அவ்வளவுதான். "ஐயையோ, திறந்துட்டான்!" என்று ஒருத்தி அலற, கூட்டம் அப்படியே எழுந்து தொட்டிக்குப் பின்பக்கம் ஓடியது. பெட்டிகள் உருண்டன. கூடை கவிழ்ந்து கோழி பறந்தது. அந்த இரண்டு சொல் ஒலிபெருக்கியில் வந்தால் இந்த ஊர் ஓடத்தான் செய்யும் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு மைக்கை அணைத்துவிட்டு, ஓடிய கூட்டத்தின் பின்னால் தானும் ஓடினாள்.

தொட்டிச் சுவரோரம் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பக்கத்து வீட்டுக்காரியின் சின்ன மகளை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷ மத்தியானத்திலிருந்து அந்தக் குழந்தைக்கு மூச்சிழுப்பு. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கேஸ் இல்ல. காகிதம். காகிதத்தைத்தான் வெளியிடறாங்க. கூட்டம் அண்ணி, நீங்க காத்திருந்த கூட்டம்."

"கூட்டம்னு நீ சொல்லவே இல்லையே. வெளியீடுன்னுதானே சொன்னே?"

"எழுதிக் கொடுத்ததே அப்படித்தான் அண்ணி. புஸ்தகத்தை வெளியிடறதில்லையா, பாட்டை வெளியிடறதில்லையா, அந்த மாதிரி."

"கேஸ் கம்பெனி கேஸை வெளியிடுமா, பாட்டை வெளியிடுமா?" அண்ணி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நான் கீழ வரமாட்டேம்மா. என் வீட்டுக்காரர் போனது போதும். உள்ளேயே இருங்கன்னான், இருந்தோம். இன்னிக்குக் கூடத்துக்கு வாங்கங்கிறே. நம்பறதுக்கு இனிமே எங்கிட்ட ஆள் யாரு இருக்கா?"

"நீங்க வரலேன்னா கேள்வியே இல்லைன்னு எழுதி மூடிடுவாங்க. அண்ணன் சாவு மாரடைப்புன்னே ஆயிடும்."

அண்ணி எழுந்திருக்கத்தான் பார்த்தாள். குழந்தை இருமியதும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். சுற்றி நின்றவர்கள் எவரும் நகரவில்லை. யார் கையைப் பிடித்து இழுத்தாலும் வர மாட்டார்கள் என்று தெரிந்துபோயிற்று. கீழே தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். மைக் அக்கா புருஷனின் செல்போனைப் பிடுங்கி எழுத்தரை அழைத்து, நீதிபதியிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ஐயா, இவங்க கீழ வரமாட்டாங்க. வரச் சொல்ல எனக்கு வாயும் இல்ல. நீங்க மேல வாங்க ஐயா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

போனில் பயப்படவேண்டாமின் குரல் குறுக்கே கேட்டது. "சார், இடம் அறிவிச்சாச்சு. மேட்டுலயும் மரத்தடியிலயும் நடத்தினா செல்லாது." நீதிபதி தாளைப் புரட்டுகிற சத்தம். பிறகு, "மக்கள் முன்னிலையில்னுதான் விதியில இருக்கு. கட்டடம்னு இல்லை. மக்கள் அங்க இருக்காங்க. வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

வண்டி வந்தது. கம்பெனியின் பெரிய வெள்ளை வண்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் ஏறுவதைப் பார்த்ததும் கூட்டத்தில் கொஞ்சநஞ்சம் இருந்த தைரியமும் போனது. "பாத்தியா, பாத்தியா! கம்பெனிக்காரனே குடும்பம் குட்டியை விட்டுட்டு ஓடி வரான்!" ஒரு பெரியவர் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறவே தொடங்கிவிட்டார். அவரை இறக்குவதற்குள் மைக் அக்காவின் புருஷனுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

நீதிபதி இறங்கினார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, மூக்கால் நன்றாக மூச்சை இழுத்து விட்டார். துணியால் மூக்கைப் பொத்தியிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "படிங்க" என்றார்.

பயப்படவேண்டாம் ஆட்டோ மைக்கைப் பிடித்துப் படித்தார். கிணறுகளின் ஆழம், குழாய்களின் நீளம், அரசுக்குக் கட்டிய தொகை, நட்ட மரக்கன்றுகள். வேகமாகப் படித்தார், சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரையை விழுங்குகிறவர் மாதிரி. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியை மூக்கிலிருந்து இறக்கியது. கேட்டது. பாதிக்கு மேல் புரியவில்லை என்றாலும் அவர்கள் ஊரைப் பற்றி அவர்களுக்கு முன்னால் யாரோ படிப்பது இதுதான் முதல் தடவை.

"பகுதி ஏழு, அசாதாரண நிகழ்வுகள். சென்ற ஆண்டு அழுத்தம் மிகுந்ததன் காரணமாக மூன்றாம் கிணற்றில் மேற்கொள்ளப்பட்ட திட்டமிட்ட வெளியீட்டின் போது சுற்றுப்புறத்தில் தற்காலிக அசௌகரியம் உணரப்பட்டது. பகுதி எட்டு..."

"நில்லுங்க."

மைக் அக்காதான். தன்னை அறியாமல் கத்தியிருந்தாள். தான் பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் முழுக்க அந்த ஒரே சொல்லால் செருப்படி வாங்கியவள் அவள். அந்தச் சொல் எங்கே வந்தாலும் இனி அவள் காதுக்குத் தப்பாது. கசிவு என்று இத்தனை நாளாகச் சொன்னவர்கள் காகிதத்தில் வெளியீடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணிக்கும் கேட்டிருந்தது. குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். அதிகாரியின் கையிலிருந்த மைக்கைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"சார், எனக்குப் படிப்பு கம்மி. சந்தேகம் கேக்கறேன். கசிவுன்னா தானா கசியும். வெளியீடுன்னா யாராச்சும் வெளியிடணும்ல?"

அதிகாரி தாளைக் கீழே இறக்கினார்.

"அது ஒரு தொழில்நுட்பச் சொல்லும்மா. அழுத்தம் கூடினா வால்வைத் திறந்து கொஞ்சம் வெளியேத்துவோம். இல்லேன்னா வெடிச்சிடும். எல்லா நாட்டுலயும் செய்யறதுதான்."

"திறந்து விட்டீங்க. எங்ககிட்ட கசிவுன்னு சொன்னீங்க."

"பாருங்கம்மா..."

"யாரு சார் திறந்தது?"

"அதெல்லாம் உள் நிர்வாகம்."

"யாரு திறந்தது?"

மூன்றாவது முறை அண்ணி கேட்கவில்லை, கூட்டம் கேட்டது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அதிகாரியின் சலவைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதுவரைக்கும் அளந்து பேசியவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. அண்ணியை விரலால் சுட்டினார்.

"கேக்கறீங்க இல்ல? சொல்றேன். உங்க வீட்டுக்காரர்தாம்மா திறந்தாரு. அன்னிக்கு வால்வுல இருந்தது அவர்தான். போதுமா?"

மைக் இன்னும் அண்ணி கையில்தான் இருந்தது, அதிகாரியின் பேச்சும் அதில் விழுந்து மேடு முழுக்க ஒலித்தது. அண்ணனா? தங்கச்சிக்கு முள் குத்தினால் தாங்காத அண்ணனா? கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியாமல் மைக் அக்கா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்கா ஊரையெல்லாம் கூப்பிட்டேன்? இதைக் கேட்கவா? மாரடைப்பு என்றே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் மனசார நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கூட்டம் அண்ணியைப் பார்த்தது. கண் போனவர்கள் வீட்டு ஆட்கள் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, இருமுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அண்ணி தலை குனிந்து நின்றாள். அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நீதிபதியிடம் சொன்னார்: "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாச்சு சார். முடிச்சுக்கலாம்."

நீதிபதி பேனாவை மூடப்போனார்.

"இருங்க ஐயா" என்றாள் அண்ணி. "அவரு திறந்தாரு. சரி. அவருக்கு மேல அங்க எத்தனையோ பேரு. அவரா நெனச்சா வீட்டுக்கு லீவு போட்டுட்டு வரக்கூட முடியாது, வால்வைத் தொட முடியுமா? திறக்கச் சொன்னது யாரு? சங்கை ஊத வேண்டாம்னு சொன்னது யாரு?"

அதிகாரி கைக்குட்டையை மடித்தார். "அது... அது இந்த அறிக்கையோட வரம்புக்குள்ள வராது."

"பதில் வராதா?" என்றார் நீதிபதி.

"இப்போதைக்கு வராது சார்."

"அப்ப கோப்பையும் மூட முடியாது." பேனாவை மறுபடி திறந்து எழுதத் தொடங்கினார். அதிகாரி வண்டியைப் பார்த்து நடந்தார். வண்டிக் கதவருகே நாலைந்து பேர் சும்மா நின்றிருந்தார்கள். அவரைத் தொடவில்லை, வழியும் விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி அண்ணியிடம் வந்தாள். அண்ணி ஒரு எட்டுப் பின்வாங்கினாள், அடி விழும் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியின் முகம் கல்லாக இருந்தது.

"உன் புருஷன் செஞ்சதை நான் உனக்கு மன்னிக்கல. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். "முதல்ல அந்த ஆளை விடாதே. மறுபடி கேளு."

அண்ணி மைக்கை வாயருகே கொண்டுபோய் மறுபடி கேட்டாள்.